ரொட்டியை மென்றால் இனிப்பது ஏன்?

பிள்ளைக்காம்பராவில் ஒரு பின்னேரம் தாய்மாரோடு பேசிக்கொண்டிருந்தோம். கைப்பிள்ளையோடு வந்திருந்த ஓர் அம்மா எம்மிடம் கேட்டார்: “எங்க பாட்டன் காலத்துலருந்து ரொட்டியும் சோறுந்தான் திங்கிறோம். ஒடம்பு அதுக்குப் பழகிப் போயிருக்குமே. அப்புறம் ஏன் பருப்பு, கீரை, முட்டைன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க?”

பக்கத்தில் இருந்தவர் இன்னொன்று கேட்டார்: “எங்கப்பாவுக்கும் சீனி வருத்தம், அண்ணனுக்கும் சீனி வருத்தம். ரத்தத்துலயே இருக்கு. நாம என்ன தின்னா என்ன?”

இரண்டும் நியாயமான கேள்விகள். இந்தப் பாடத்தில் இரண்டுக்கும் விடை தேடுவோம். விடை கொஞ்சம் தூரத்திலிருந்து வருகிறது. பொறுமையாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

வாய்க்குள் நடக்கும் வேலை

முதலில் ஒரு சின்னச் சோதனை. சம்பல் தொடாமல் வெறும் ரொட்டித் துண்டு ஒன்றை வாயில் போட்டு, விழுங்காமல் ஒரு நிமிடத்துக்கு மேல் நன்றாக மெல்லுங்கள். மெல்ல மெல்ல இலேசாக இனிக்கும். சீனி போடாத ரொட்டி எப்படி இனிக்கிறது?

ரொட்டி, சோறு, உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாவற்றிலும் அதிகம் இருப்பது மாப்பொருள். குளுக்கோசு என்னும் சீனி மணிகளைக் கோத்த நீண்ட மாலை போன்றது அது. மாலையாக இருக்கும்வரை இனிக்காது. நமது எச்சிலில் அமிலேசு என்று ஒரு நொதியம் இருக்கிறது. அது அந்த மாலையைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறது. அந்தத் துண்டுகள்தான் நாக்குக்கு இனிக்கின்றன.

நொதியத்தின் வேலையை நாம் நாளாந்தம் பார்க்கிறோம். பெக்டரியில் கொழுந்தை உருட்டிப் பரப்பி வைத்தால் பச்சை மாறிச் செம்பு நிறம் வருகிறதல்லவா? அது கொழுந்துக்குள் இருக்கும் நொதியங்கள் செய்வது. காய வைக்கும் சூட்டில் அந்த வேலை நின்றுவிடும்.

எத்தனை பிரதி?

அமிலேசைச் செய்வது எப்படி என்ற குறிப்பு, உடம்பின் கலங்களுக்குள்ளே டி.என்.ஏ. என்னும் இழையில் எழுதப்பட்டிருக்கிறது. இத்தகைய குறிப்பைப் பரம்பரை அலகு என்பார்கள். பெரும்பாலான குறிப்புகளில் நம்மிடம் இரண்டு பிரதிகள்தான் உண்டு: தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. ஆனால் எச்சில் அமிலேசின் குறிப்பு ஒருவரிடம் 4 பிரதி இருக்கும், அடுத்தவரிடம் 10 பிரதிகூட இருக்கும். பிரதி கூடினால் எச்சிலில் அமிலேசும் பொதுவாகக் கூடும். சிம்பன்சிக் குரங்குக்கு 2 பிரதிதான்.

2007இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோர்ஜ் பெரியும் அவரோடு சேர்ந்தவர்களும் வெவ்வேறு மக்களை ஒப்பிட்டார்கள். ஒரு பக்கம் மாப்பொருள் அதிகம் உண்போர்: ஜப்பானியர், ஐரோப்பிய வழிவந்த அமெரிக்கர், தான்சானியாவில் கிழங்கு தோண்டி உண்ணும் ஹட்சா மக்கள். மறுபக்கம் வேட்டை, மீன், கால்நடை ஆகியவற்றை நம்பி வாழ்ந்தோர்: மத்திய ஆபிரிக்கக் காட்டு மக்கள், சைபீரியாவின் யாக்கூத் மக்கள் போன்றோர். முதற் பக்கத்தாருக்குச் சராசரி 6.7 பிரதிகள், மறுபக்கத்தாருக்கு 5.4.

லயத்து நாய்க்கும் இதே கதைதான். ஓநாய்க்கு அமிலேசுக் குறிப்பு 2 பிரதி. நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருப்பதாக 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். மனிதர் போட்ட மிச்சச் சாப்பாட்டோடு வாழப் பழகியதால் வந்த மாற்றம் என்பது அவர்கள் கருத்து.

கணனி எதற்கு?

ஒரே மாதிரியான பிரதிகளை எண்ணுவது லேசான காரியமல்ல. செக்ரோல் புத்தகம் ஒன்றில் ஒரே பக்கம் பல தடவை சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புத்தகத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிழித்துப் போட்டுவிட்டு, ‘அந்தப் பக்கம் எத்தனை தடவை இருந்தது?’ என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? மற்றப் பக்கங்களின் துண்டுகளைவிட இதன் துண்டுகள் எத்தனை மடங்கு கிடக்கின்றன என்று எண்ண வேண்டும். டி.என்.ஏ.யிலோ கோடிக்கணக்கான துண்டுகள். ஆகவேதான் கணனி தேவைப்படுகிறது.

கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னும் மூத்த ஆய்வாளர் ஒருவரின் கீழ் சில வருடம் ஆய்வு செய்து தேர்ச்சி பெறும் இளைஞர் யுவதிகள் பலர் உலகெங்கும் இந்த வேலையில் இருக்கிறார்கள். உயிரியல், கணக்கு, கணனி மூன்றும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பீட்டர் சட்மன்டின் ஆய்வுகூடத்தினரும் வேறு நாட்டு ஆய்வாளரும் சேர்ந்து 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 5,600 பேரின் டி.என்.ஏ. அதில் பார்க்கப்பட்டது. அவர்களில் 533 பேர் எப்போதோ இறந்துபோன பண்டைக் காலத்து மக்கள். பிரதி கூடிய வகைகள் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் கடந்த 12,000 வருடங்களில் வேகமாகப் பெருகியிருப்பது அதில் தெரிந்தது. அங்கே பயிர்ச்செய்கை தொடங்கிப் பரவிய காலம் அது.

எண்ணிக்கை பிழைத்தால் முடிவும் பிழைக்கும். பிரதி குறைந்தவர்களுக்கு உடம்பு பருக்கும் என்று 2014இல் ஓர் ஆய்வு சொன்னது. 2015இல் வேறு ஆய்வாளர்கள் இன்னும் திருத்தமாக எண்ணிப் பார்த்தபோது அப்படி ஒரு தொடர்பைக் காணவில்லை. ஆகவே பரம்பரை அலகைக் காட்டி ‘உனக்கு இதுதான் நடக்கும்’ என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம்.

அந்த அம்மாவின் கேள்விக்கு விடை

மனித உடம்பு தலைமுறை தலைமுறையாக மாப்பொருளுக்குப் பழகியிருக்கிறது என்று நீங்கள் சொன்னது சரிதான், அம்மா. ஆனால் அமிலேசால் செய்யக்கூடியது ஒரே வேலை. மாப்பொருளைச் சீனியாக்கும், அவ்வளவுதான். 10 பிரதி இருந்தாலும் ரொட்டியிலிருந்து அது புரதத்தை உண்டாக்காது, இரும்புச்சத்தை உண்டாக்காது. பிள்ளை வளரவும் கர்ப்பிணிக்கு இரத்தம் ஊறவும் அவை வேண்டும். ரொட்டி செரிக்கிறது என்பதற்காக ரொட்டி மட்டும் போதும் என்றாகிவிடாது.

சீனி வருத்தம் தலையெழுத்தா?

சீனி வருத்தம் பரம்பரையில் வரலாம் என்பது உண்மை. ஒரே ஓர் அலகால் வருவதல்ல அது. நூற்றுக்கணக்கான இடங்களில் உள்ள சிறு சிறு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆனால் ஆபத்து வேறு, வருத்தம் வேறு.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலேயே, சென்னையில் வைத்தியர் ராமச்சந்திரன் குழுவினர் இதைச் சோதித்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. சீனி வருத்தத்தின் வாசலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கம்போல இருந்துவிட்டவர்களில் 100க்கு 55 பேருக்கு வருத்தம் வந்தது. சீனியையும் வெள்ளை மாவையும் எண்ணெயையும் குறைத்து, நாளுக்கு அரை மணித்தியாலம் நடந்தவர்களில் 100க்கு 39 பேருக்குத்தான் வந்தது. அவர்களின் இரத்தமும் பரம்பரையும் மாறவில்லை. மாறியது சாப்பாடும் நடையுமே.

மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிப்பவர்களுக்கு நடை குறையாது. ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர்களும் கடையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களும் தினமும் நடக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

ஒரு ரொட்டியைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்போ நெத்தலியோ முட்டையோ வையுங்கள். லயத்தைச் சுற்றி முளைக்கும் வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் காசு வேண்டாம். கீரையில் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அது சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள், சீனியையும் குறையுங்கள்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வெறும் ரொட்டியும் சம்பலும்தான் பல வீடுகளில் அம்மாவுக்கு மிஞ்சுகிறது. பருப்பிலும் முட்டையிலும் அவருடைய பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள். வீட்டில் யாருக்காவது சீனி வருத்தம் இருந்தால், மற்றவர்களும் வைத்தியசாலையில் இரத்தம் சோதித்துக் கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை: ரொட்டியை மென்று பார்த்த மாதிரி, அவித்த உருளைக்கிழங்கையும் கருவாட்டையும் தனித்தனியாக மென்று பாருங்கள். எது இனிக்கிறது, எது இனிக்கவில்லை? காரணத்தை நீங்களே அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள்.