பழைய கணினிக்குக் கூடுதல் நினைவகம்

கேள்வி: 16 கே சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமை 48 கே ஆக்கும் அட்டை கொழும்பில் எங்கே கிடைக்கும்? (வாசகர், வினாயகபுரம்)

பதில்: 1982இல் வெளிவந்த இயந்திரத்தின் அட்டையைத் தேடிப் பம்பலப்பிட்டிக்குப் போவது பஸ் காசுக்கு நட்டம். இரண்டாம், மூன்றாம் பதிப்புப் பலகைகளில் அட்டையே வேண்டியதில்லை. மேலதிக 32 கே-க்கு இடம் பலகையிலேயே விடப்பட்டிருக்கிறது. எட்டு நினைவகச் சிப்களும் நான்கு லொஜிக் சிப்களும் போதும். செலவைக் குறைக்க சின்க்ளேர் அங்கே பொருத்தியவை, ஒரு பாதி பழுதான 64 கிலோபிட் சிப்கள். அந்த ரகத்தில் எட்டுச் சிப்களிலும் நல்ல பாதி ஒன்றாகவே இருக்கவேண்டும். அதற்கேற்பப் பலகையில் ஒரு கம்பி இணைப்பும் மாறும். முழுதும் நல்ல 64 கிலோபிட் சிப்பான 4164 கிடைத்தால் பாதிப் பொருத்தம் பார்க்கும் வேலை இல்லை. திருத்துமிடங்களில் ஒதுக்கிய எக்ஸ்டி ரகத் தாய்ப்பலகைகளில் அது வரிசையாக இருக்கும். 200 நானோசெக்கன்ட் அல்லது அதைவிட வேகமானது போதும். 4116 வேண்டாம், அதற்கு மூன்று வகை மின்னழுத்தம் தேவை.

கேள்வி: மடிக்கணினியின் டிடிஆர்3 நினைவகத்தை ஸ்பெக்ட்ரமில் போடலாமா? (கல்முனை)

பதில்: முடியாது.

கேள்வி: சின்க்ளேர் இசட்எக்ஸ்81இன் 16 கே நினைவகப் பெட்டி பழுது. திரை அடிக்கடி உறைகிறது. வேறு எங்கே வாங்கலாம்? (சாய்ந்தமருது)

பதில்: பெட்டி பழுது என்ற முடிவு எப்படி வந்தது? அந்தப் பெட்டி லேசாக ஆடினாலே கணினி நின்றுவிடும். 1981இல் புதிதாக வாங்கியவர்களும் இதே குறையைத்தான் சொன்னார்கள். கடலோர ஊரில் உப்புக் காற்று வேறு. பின்பக்க விளிம்புத் தொடுமுனைகள் கறுத்திருந்தால் எந்தப் புதுப் பெட்டியும் உறையத்தான் செய்யும். வாங்குவதற்கு முன் ஐசோப்ரொப்பைல் அல்ககோலில் தோய்த்த துணியால் துடைக்கவேண்டும். சொரசொரப்பான தாளால் தேய்த்தால் மேற்பூச்சு உரிந்துவிடும்; பிறகு துருவைத் தடுக்க ஒன்றும் மிஞ்சாது. இன்னொரு கெட்ட பழக்கம், மின்சாரம் ஓடும்போதே பெட்டியைக் கழற்றிப் போடுவது. நல்ல இயந்திரங்கள் பல அந்த ஒரு அவசரத்தில்தான் செத்திருக்கின்றன. செருகி அளவு சரி என்று கையில் அகப்பட்ட அடாப்டரைக் குத்துவதும் அப்படியே. உதாரணமாக, ஸ்பெக்ட்ரமின் 9 வோல்ட் செருகியில் நடுமுனை எதிர்முனை. இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. மல்டிமீற்றரால் அளக்காமல் செருகக்கூடாது.

கேள்வி: வாப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த ஸக்ர் கணினிக்கு நினைவகம் கிடைக்குமா? (அக்கரைப்பற்று)

பதில்: கிடைக்கும், கவலை வேண்டாம். ஸக்ர் வெளியிட்ட வீட்டுக் கணினிகள் 1983இல் அறிவிக்கப்பட்ட எம்எஸ்எக்ஸ் தரத்தைச் சேர்ந்தவை. ஸக்ர் என்ற பெயரைத் தேடி அலையத் தேவையில்லை. சோனி, யமஹா, பிலிப்ஸ் எம்எஸ்எக்ஸ் கணினிகளுக்கான நினைவகக் காட்ரிஜ் இதன் காட்ரிஜ் துவாரத்திலும் பொருந்தும். நினைவகத்தைப் பகுதி பகுதியாக மாற்றித் தரும் மெமரி மாப்பர் வகையையே கேட்டு வாங்கவேண்டும்.