முன்றிலும் வழியும்: சங்கப் பாடல்களில் மூத்தோரின் இயக்கமும் மனத்தெளிவும்

முன்னுரை

முதுமையில் உடலியக்கமும் மனத்தெளிவும் குன்றாதிருத்தல் பற்றித் தமிழில் பேச்சு எழும்போதெல்லாம் பிசிராந்தையாரின் நரையில்லா முதுமை (புறம். 191) மேற்கோளாக வந்து நிற்கும். மேடைகளிலும் உடல்நலக் கட்டுரைகளிலும் அப்பாடல் 'கவலை இல்லையேல் நரை இல்லை' என்னும் ஒற்றை வரிக் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. அதனை அடுத்து வைத்துப் படிக்கவேண்டிய பிற முதுமைப் பாடல்கள் அரிதாகவே நினைக்கப்பெறுகின்றன. கோலையே காலாகக் கொண்டு முன்றிலைத் தாண்டாத தாய் ஒருத்தி அதே புறநானூற்றில் இருக்கிறாள் (புறம். 159). இருமலுக்கிடையே சில சொல் பேசும் முதியோரும் அங்கே உள்ளனர் (புறம். 243). நரையின்மையைத் தனிமனிதரின் மனப்பக்குவத்திற்குக் கிடைத்த பரிசாகக் கொண்டால், இத்தாயின் தளர்ச்சி அவளுடைய குறையாக எண்ணப்பட்டுவிடும். பாடல்கள் அவ்வாறு கூறவில்லை. மூத்தோர் எவ்வளவு தொலைவு செல்ல முடிகிறது, அங்கே யாரைக் காண்கின்றனர், யாரோடு பேசுகின்றனர் என்பவற்றைக் கொண்டே சங்கப் பாடல்கள் முதுமையை அளக்கின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நரையின்மையும் அது சொல்லப்பட்ட இடமும்

புறம் 191 ஏழடிப் பாடல். ஆண்டுகள் பல கடந்தும் நரை தோன்றாமை எவ்வாறு என்னும் வினாவிற்கு ஐந்து காரணங்கள் விடையாக வருகின்றன. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தாம் கருதியதையே கருதும் ஏவலிளையர், தீயவை செய்யாது காக்கும் வேந்தன், இவற்றிற்கும் மேலாகப் பணிவும் அடக்கமும் உடைய சான்றோர் பலர் வாழும் ஊர் என்பன அவை. உணவு, மருந்து, உடற்பயிற்சி, நோன்பு ஆகிய எவையும் இங்கு இடம்பெறவில்லை. விடையில் புலவர் தமக்கென வைத்துக்கொள்ளும் வினைகள் இரண்டே: காணுதல், வாழ்தல். ஏனைய பண்புகளும் செயல்களும் பிறருக்கு உரியனவாகவே அமைகின்றன. தம் மனத்தைத் தாம் அடக்கிய திறத்தைப் புலவர் எங்கும் பேசவில்லை. அடக்கம் ஊர்ச்சான்றோர்க்குரியதாகச் சொல்லப்படுகிறது. எனவே, இப்பாடலைத் தன்னொழுக்கத்தின் வெற்றியாகக் காட்டுவது பாடலின் தொடரமைப்பிற்கே பொருந்தாத உரையாகும்.

காரணங்கள் அடுக்கப்பட்ட முறையும் நோக்கத்தக்கது. வரிசை இல்லத்தில் தொடங்கி, ஏவலிளையர் வழியே விரிந்து, நாட்டைத் தொட்டு, ஊரில் வந்து நிற்கிறது. வேந்தனைக் கூறிய பின்னரும் ஊரை அதற்கு மேலானதாக வைப்பது தற்செயலான அமைப்பன்று. நாள்தோறும் கண்டு பேசத்தக்க அளவில் உள்ள சுற்றம் ஊரே ஆகும். மூத்தவர் ஒருவர் வீட்டை விட்டு வெளியே வருவதற்குரிய காரணமும் அங்குதான் இருக்கிறது.

இப்பாடலின் பழைய குறிப்பு, கோப்பெருஞ்சோழனிடம் சென்ற பிசிராந்தையார் அங்கிருந்த சான்றோர்க்குக் கூறிய விடை இது எனத் தெரிவிக்கிறது. உடல்நலம் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி இது. பிசிர் பாண்டிநாட்டு ஊர். சோழனின் தலைநகர் உறந்தை. நண்பர் இருவரும் அதற்கு முன் நேரில் கண்டவரல்லர். அதனால், அவர் வருவாரோ என்று உடனிருந்தோர் ஐயுற்றதையும், வருவார் என்று சோழன் உறுதி கூறி அவருக்கென இடம் ஒதுக்கச் சொன்னதையும் புறம் 215, 216 ஆகிய பாடல்கள் காட்டுகின்றன. அவர் வந்து சேர்ந்ததைக் கண்டு பொத்தியார் வியந்தது புறம் 217. எனவே, நரையின்மை பற்றிய விடை சொந்த ஊர்த் திண்ணையில் அமர்ந்து சொல்லப்பட்டதன்று. ஆண்டு பல சென்ற ஒருவர் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்கு வந்து சேர்ந்த பின் சொன்னது. பயணம் எவ்வாறு அமைந்தது என்பதைப் பாடல்கள் விவரிக்கவில்லை. ஆயினும், சான்றோர் வினா எழுந்ததே அந்த வருகையின் வியப்பிலிருந்துதான் எனக் கொள்வது பொருந்தும். வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த நண்பனிடம் வந்த இடத்தில் இவ்விடை பிறந்தது என்பதையும் மறத்தலாகாது. நெடுநாள் வாழ்வதற்கான குறிப்பாக இன்று வழங்கப்படும் பாடல், வாழ்வை நீட்டிக்கும் நோக்கம் சிறிதும் இல்லாத சூழலில் தோன்றியது.

முன்றில் என்னும் எல்லை

பெருஞ்சித்திரனார் குமணனிடம் தம் வறுமையை எடுத்துரைக்கும் புறம் 159-இல் முதலில் வருபவள் தாய். நாள்கள் பல கழிந்தும் உயிர் நீங்கவில்லையே என்று அவள் தன் வாழ்நாளை வெறுக்கிறாள். கோலே காலாகச் சிறு சிறு அடியிட்டு ஒதுங்கி நடக்கிறாள். கூந்தல் நூலை விரித்தது போல் வெளுத்துள்ளது. கண் பார்வை மறைந்துவிட்டது. பாடல் அதனைக் கண்கள் துயின்றதாகச் சொல்கிறது. முன்றிலைக் கடந்து செல்லாத முதிர்ச்சி அவளுடையது.

இவ்வடுக்கில் நடை, நரை, பார்வை ஆகிய மூன்றும் உடலைச் சார்ந்தவை. நான்காவதாக வரும் முன்றில் மட்டும் இடத்தைச் சார்ந்தது. முதிர்ச்சி எத்தகையது என்று அடைமொழியிட்டுக் கூறவேண்டிய இடத்தில் புலவர் அந்த நான்காவதையே தேர்ந்தெடுக்கிறார். ஆண்டுக்கணக்கோ நரையோ அவளுடைய முதுமையை முடிவாக வரையறுக்கவில்லை. முன்றிலின் எல்லைதான் வரையறுக்கிறது. முதியோரின் நலத்தை அவர்கள் நடமாடும் பரப்பைக் கொண்டு மதிப்பிடும் முறை இன்றைய முதுமையியலில் வழக்கில் உள்ளது. படுக்கையறை, வீடு, முற்றம், தெரு, ஊர், ஊர்க்கு அப்பால் எனப் படிப்படியாக அப்பரப்பு கணக்கிடப்பெறும். மறதிநோய் பற்றிய லான்செட் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றத்தக்க இடர்க்காரணிகளை 14 எனக் கணக்கிட்டது. உடலியக்கக் குறைவு, சமூகத் தனிமை, கேட்புக் குறைவு, பார்வை இழப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். சங்கப் புலவர் மருத்துவம் கூறினார் என்று இதனால் வாதிடுவது வீண்முயற்சி. ஆனால் பார்வை மங்கல், நடைத்தளர்ச்சி, முன்றிலோடு ஒடுங்குதல், வாழ்வின்மேல் வெறுப்பு ஆகியவற்றைப் பிரித்துக் காட்டாமல் ஒரே உருவில் சேர்த்துக் கண்ட கூர்மை அப்புலவருடையது.

இத்தாயின் தளர்ச்சிக்குப் பின்புலமாக நிற்பது பசி. மருமகள் உப்பின்றி வேகவைக்கும் கீரையும், சோறும் மோரும் காணாத வீடும் அடுத்துச் சொல்லப்படுகின்றன. பிசிராந்தையாரின் விடையில் உணவு பேசப்படாமைக்கு, அங்கே அது குறைவின்றிக் கிடைத்தது காரணமாகலாம்.

உடல் மறவாத இளமை

இயற்பெயர் மறைந்து, தம் பாடலில் வரும் ஊன்றுகோலையே பெயராகப் பெற்றவர் தொடித்தலை விழுத்தண்டினார். பதினான்கு அடிகள் கொண்ட அவர் பாடலில் பெரும்பகுதி நினைவுகூரல். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, குளிர்ந்த கயத்தில் ஆடும் மகளிரோடு கைகோத்துத் திரிந்தது, மறைக்கத் தெரியாத தோழரோடு நீரை நோக்கித் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறியது, கரையில் நிற்போர் மருளவும் நீர்த்துளி சிதறவும் ஆழ்மடுவில் குதித்தது, மூழ்கி அடிமணலை அள்ளி வந்தது என நினைவு தொடர்கிறது. இறுதி அடிகள் சிலவற்றில்தான் நிகழ்காலம் வருகிறது. அங்கே தண்டு, நடுக்கம், இருமல், சில சொல் ஆகியவை மட்டும் உள்ளன.

சில சொல்லே பேச இயலும் என்பவர் பேசிய பேச்சாகவே இப்பாடல் முழுவதும் அமைந்துள்ளது. மூச்சு இடறுகிறது, நினைவு இடறவில்லை. மேலும், அந்நினைவு முற்றிலும் உடல் சார்ந்தது. இளமையில் கற்றதோ கேட்டதோ நினைக்கப்படவில்லை. அவ்விளமையைக் கல்லாத இளமை என்றே பாடல் சுட்டுகிறது. கை பிணைத்தது, ஏறியது, பாய்ந்தது, மூழ்கியது என்னும் வினைகள் எச்சங்களாக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடுகின்றன. மரத்திலிருந்து நீருக்கும் நீரிலிருந்து மணலுக்கும் அவை செல்லும் வரிசை சிறிதும் பிறழவில்லை. உடல் செய்த செயல்களின் ஒழுங்கு மனத்தெளிவிற்கு உறுதுணையாக நிற்கும் பாங்கு இதில் புலனாகிறது.

பொதுவியல் திணையில் கையறுநிலைத் துறையாக இப்பாடல் வகுக்கப்பட்டுள்ளது. இறந்தோர்க்கு இரங்கும் துறையில் இது வைக்கப்பட்டதால், இங்கே இறந்ததாகக் கொள்ளத்தக்கது இளமையே ஆகிறது. ஆயினும் பேசுவோர் தம்மைப் பன்மையில் குறிப்பதைப் புலவருக்குரிய வழக்கு என்று மட்டும் ஒதுக்கிவிடல் வேண்டா. தண்டூன்றிய முதியோர் பலர் ஒருங்கே அமர்ந்து நினைவைப் பகிரும் சூழலுக்கும் அப்பன்மை இடம் தருகிறது. அவ்வாறு கொள்ளின், முன்றிலில் தனித்திருந்து தன் வாழ்நாளை நொந்த தாய்க்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு கோலில் இல்லை. கோல் இருவரிடமும் உண்டு. இவர்களுக்கு நினைவைக் கேட்க ஆள் இருக்கிறது.

ஊர்ப்புறம் சென்ற முதுபெண்டிர்

முதிய பெண்டிர் அனைவரும் முன்றிலில் ஒடுங்கியவராகக் காட்டப்படவில்லை. போரில் மகன் புறங்கொடுத்தான் என்று கேட்ட முதியவள் வாளோடு களம் சென்று, கிடந்த உடல்களைப் பெயர்த்துப் பார்த்துத் தேடுவதை நச்செள்ளையார் பாடுகிறார் (புறம். 278). நரம்பெழுந்து வற்றிய தோள் எனத் தொடங்கும் வருணனை அவளைத் தளர்ந்தவளாகவே அறிமுகம் செய்கிறது. செயல் அதற்கு மாறாக நடக்கிறது. ஆயினும் அது மறத்தின் உச்சநிலை. அன்றாட வாழ்விற்கு அதனை அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது.

முல்லைப்பாட்டு காட்டும் பெருமுது பெண்டிரே இப்பொருளுக்கு உகந்த சான்று. மழை பெய்த மாலையில் அவர்கள் நெல்லும் முல்லைமலரும் கொண்டு காவலுடைய ஊரின் எல்லைப்புறம் செல்கின்றனர்; தூவித் தொழுது நற்சொல் கேட்க நிற்கின்றனர். தாயைப் பிரிந்து வருந்தும் கன்றிடம், தாயர் இப்போதே வருவர் என ஆய்மகள் ஒருத்தி கூறுவது அவர்கள் காதில் விழுகிறது. கன்றுக்குச் சொன்னதைப் பிரிந்த தலைவிக்கு உரியதாகப் பொருள்கொண்டு, மீண்டு வந்து அவளைத் தேற்றுகின்றனர். நடத்தல், நிற்றல், ஊரொலிகளுக்கிடையே ஒரு சொல்லைப் பிரித்துக் கேட்டல், அதன் உட்பொருளை உணர்தல், நினைவில் கொண்டு மீளல், உரிய முறையில் எடுத்துரைத்தல் ஆகிய ஆறும் விரிச்சி என்னும் ஒரே வழக்கத்தில் அடங்கியுள்ளன. நிமித்த நம்பிக்கை என்று மட்டும் விரிச்சியை விளக்கிக் கடப்பதால், அதனைச் செய்வோர் முதியவராகவே இருப்பதன் பொருள் கவனிக்கப்படாது போகிறது. கேட்கும் திறனும் பொருள் காணும் அறிவும் வயதோடு வளர்வன என்னும் ஏற்பு அவ்வழக்கத்திற்குள் இருக்கிறது. அவர்கள் வெளியே செல்வதற்கு ஊரே ஒரு கடமையைத் தந்துள்ளது.

நெடுநல்வாடையிலும் இதனை ஒத்த பணி உண்டு. அங்கே நரை கலந்த கூந்தலையுடைய செவிலியர் அரசியைச் சூழ்ந்து, சுருக்கமாகவும் விரிவாகவும் பலபடப் பேசித் தேற்றுகின்றனர். எதைச் சுருக்குவது, எதை நீட்டுவது என்னும் தேர்வு மனக்கூர்மை இன்றி அமையாது. அவர்தம் சொல் அரசியின் துயரை ஆற்றவில்லை என்பது வேறு செய்தி.

பயிற்றல்

அச்செவிலியரின் பேச்சிற்கு நக்கீரர் ஆளும் வினை 'பயிற்று' என்பது. தொல்காப்பியக் கற்பியல் இல்வாழ்வின் கடைப்பகுதியைக் கூறும் நூற்பாவிலும் இவ்வினையே வருகிறது. காமம் நிறைவுற்ற கடைக்காலத்தில், மக்களொடும் அறம் விரும்பும் சுற்றத்தொடும் கூடித் தலைவனும் தலைவியும் சிறந்ததனைப் பயிற்றுதல் கழிந்த வாழ்வின் பயன் என்பது அதன் கருத்து. 'சிறந்தது' எது என்பது விவாதத்திற்குரியது. அறம் என்றோ வீடு என்றோ எப்பொருள் கொள்ளினும், அதனை அடுத்து நிற்கும் வினை அடைதலோ ஓய்தலோ அன்று. பயிற்றல் என்பது பலகால் செய்தலைக் குறிக்கும். அதுவும் மக்களும் சுற்றமும் சூழ நடப்பதாக நூற்பா வரையறை செய்கிறது. முதியோர்க்குப் பயனின்மையை இடித்துக் கூறும் நரிவெரூஉத்தலையார் பாடலும் (புறம். 195) உடல்தளர்ச்சியைக் குறையாகச் சொல்லவில்லை. மீன்முள் போன்ற நரையும் திரைந்த கன்னமும் வருணனையாக மட்டுமே நிற்கின்றன. இடித்துரை முழுவதும் செயலைப் பற்றியது. நல்லது செய்ய இயலாதெனினும் அல்லதையேனும் செய்யாதிருங்கள் என்று கேட்கும்போது, முதியோரிடம் செயலுக்கும் தேர்வுக்கும் இடம் உண்டு என்பதையும் புலவர் ஏற்கிறார்.

பெருஞ்சித்திரனார் வீட்டுத் தாயிடம் இவ்வாறு எதையும் கேட்பார் இல்லை. குமணனிடம் பரிசில் வேண்டியபோது, தாயும் மனைவியும் ஆகிய இருவரின் நெஞ்சமும் மகிழவேண்டும் என்று புலவர் கூறினார். பரிசில் பெற்று மீண்டபின் பாடிய புறம் 163 மனைவியை விளித்தது. உன்னை விரும்பியவர்க்கும், நீ விரும்பியவர்க்கும், சுற்றத்து மூத்தோர்க்கும், கடன் தந்தோர்க்கும், இன்னார் என்னாது எல்லோர்க்கும் கொடு என்று அவளிடம் சொல்கிறது. ஈகை முன்றிலைக் கடந்து ஊரெங்கும் பரவுகிறது. யாய் என்னும் சொல் மட்டும் அப்பாடலில் இல்லை.