ஒற்றை விளக்கோடு ஓட்டாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி காதில் விழும், மீதி மறந்துபோகும். அதனால் எழுதியே அனுப்புகிறேன். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் வைத்துப் படி.

ஆல்ட்டோவில் வலது பக்க ஹெட்லைட் டிம்மில் எரியவில்லை, பிரைட் போட்டால் இரண்டு பக்கமும் எரிகிறது, அதனால் இந்த வாரம் முழுக்க பிரைட்டிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதை இன்றோடு நிறுத்திவிடு. பல்லடத்தைத் தாண்டித் தாராபுரம் பக்கம் வந்தால் நடுவில் தடுப்பில்லாத சாலைகள் உண்டு. எதிரே கோழிக்கூண்டு ஏற்றிய வண்டி ஓட்டி வருகிறவருக்கு உன் பிரைட் நேராகக் கண்ணில் அடிக்கும். உன்னைக் கடந்த பிறகும் சில வினாடிகள் அவருக்கு எதுவும் சரியாகத் தெரியாது. அந்தச் சில வினாடிக்குள் ஓரத்தில் ஒருவர் விளக்கில்லாத சைக்கிளில் போய்க்கொண்டிருக்கலாம்.

சரி, டிம்மிலேயே ஓட்டுகிறேன், இடது விளக்கு எரிகிறதே என்று நினைப்பாய். அது இன்னும் மோசம். நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுகிறோம். உன் வலது விளக்கு அணைந்திருந்தால், எதிரே வருகிறவருக்குத் தெரிவது சாலையோரத்து ஒற்றை விளக்கு மட்டும். பைக் வருகிறது என்று எண்ணி இடம் கணக்குப் போடுவார். அந்த ஒற்றை விளக்குக்கு வலப்புறம் இருட்டில் முக்கால்வாசிக் கார் நீட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. இரண்டில் எது போனாலும் ஆபத்துதான்; நமக்கு வலது போவது கூடுதல் ஆபத்து. பல்பு மாற்றும் வரை இரவில் வண்டியை எடுக்காதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்ன அறிகுறியிலேயே விடை இருக்கிறது. ஆல்ட்டோவில் இருப்பது ஹெச்4 வகை பல்பு. 12 வோல்ட், 60/55 வாட் என்று அதன் உலோக அடியில் பொறித்திருக்கும். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள்: பிரைட்டுக்கு 60 வாட் இழை, டிம்முக்கு 55 வாட் இழை. அந்தப் பக்கம் பிரைட் எரிகிறது என்றால் எர்த் சரியாக இருக்கிறது. இடது டிம் எரிகிறது என்றால் சுவிட்சும் வேலை செய்கிறது. வலது பல்பின் டிம் இழை அறுந்திருக்க வேண்டும். பல கார்களில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பியூஸ் உண்டு. அதையும் ஒரு முறை பிடுங்கிப் பார்த்துவிடு, ஒரு நிமிட வேலைதான். இரண்டு பக்கமும் ஒரேயடியாக அணைந்தால் பல்பைச் சந்தேகிக்க வேண்டாம், பியூஸ், ரிலே, சுவிட்சு பக்கம் போக வேண்டும். ஒரு பக்கம் எரிந்தும் மங்கலாக இருந்தால், பல்பின் பின்னால் வயரைச் செருகும் கப்ளரிலோ எர்த்திலோ துரு. பல்புக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் பத்து விழுக்காடு குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்துவிடும். பல்பு பழசாகிவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர் இதைப் பார்ப்பதில்லை.

பழைய பல்பை வெளியே எடுத்ததும் தூக்கிப் போட்டுவிடாதே. வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார். எனக்கு இந்தப் பொருளின் மேல் பெரிய மரியாதை உண்டு. உள்ளே டங்ஸ்டன் இழைகள் இரண்டும் சுருள் சுருளாகத் தெரியும். முன்னால் இருக்கும் டிம் இழைக்குக் கீழே மட்டும் அகல் விளக்குப் போல ஒரு சின்ன உலோகத் தட்டு தாங்கி நிற்கும். ஹெட்லைட்டின் சூட்சுமமே அந்தத் தட்டுதான். பின்னால் இருக்கும் டூம் என்பது வளைந்த கண்ணாடி. இழையிலிருந்து மேல்பாதியில் படும் ஒளி திரும்பிக் கீழ்நோக்கிச் சாலையில் விழும். கீழ்பாதியில் படும் ஒளி மேல்நோக்கி எதிராளியின் கண்ணுக்குப் போகும். அந்தக் கீழ்பாதி ஒளியைத் தட்டு மறித்துவிடுகிறது. பிரைட் இழைக்குத் தட்டு கிடையாது, அதன் ஒளி டூம் முழுவதிலும் பட்டு நேராக நெடுந்தூரம் பாயும். 1971இல் ஐரோப்பாவில் வந்த இந்த ஏற்பாடு இன்றைக்கும் நம் சின்னக் கார்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் இழை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலே வெளிச்சம் போய் விழும் இடம் மாறிவிடும். நான் இனிமேல் சொல்லப்போகிற பலவற்றுக்கும் இதுதான் காரணம்.

பல்பின் முனையில் கறுப்பாகப் பூசியிருப்பதைப் பார்த்து, புகைந்துவிட்டது என்று எண்ணாதே. நேர் எதிரே ஒளி சிந்தாமல் இருக்கத் தயாரிக்கும்போதே பூசுகிற பூச்சு அது. இழை மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் வயதாகிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே பால் படிந்தது போல வெள்ளையாக இருந்தால் கண்ணாடியில் விரிசல் விழுந்து காற்று புகுந்திருக்கிறது. அப்படியிருந்தால் டூமுக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய், ‘ஆல்ட்டோவுக்கு ஹெச்4, 60/55 வாட்’ என்று தெளிவாகக் கேள். பைக்குகளுக்குப் போடும் ஹெச்எஸ்1 பல்பு பார்வைக்கு இதே மாதிரி இருக்கும், அது 35/35 வாட். அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்கு. பெயர் தெரிந்த கம்பெனிப் பல்பு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஜோடியாக வாங்கு. இரண்டு பல்பும் ஒரே நேரம் எரிந்து ஒரே நேரம் தேய்ந்தவை. வலது இன்று போனால் இடதுக்கும் நாள் நெருங்கிவிட்டது.

கடைக்காரர், ‘நூறு வாட் போட்டுக்கோங்க மேடம், நல்லா பளிச்சுனு இருக்கும்’ என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடு. 60 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்னோட்டம். 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கும் மேல். வயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும் என்று பத்தாம் வகுப்பில் படித்தாய் அல்லவா? கணக்குப் போட்டால் சூடு ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. அந்தச் சூட்டில் கப்ளரின் பிளாஸ்டிக் பழுத்து உருகி பல்போடு ஒட்டிக்கொள்ளும், டூமின் பளபளப்பு உரிந்துவிடும். பிறகு பல்புக்கு ஆன செலவைப் போலப் பல மடங்கு செலவாகும்.

எல்இடி போடலாமா என்றும் கேட்டிருந்தாய். கம்பெனியிலிருந்தே எல்இடியோடு வரும் கார்களில் அதற்கென்றே கண்ணாடியும் லென்ஸும் வடிவமைத்திருப்பார்கள், அது வேறு. உன் காரின் டூம் ஹெச்4 இழைக்காக வளைக்கப்பட்டது. எல்இடியில் சுருள் இழை கிடையாது. இரு பக்கமும் ஒட்டிய தட்டையான சில்லுகளிலிருந்து ஒளி வரும். அதனால் வெளிச்சம் கட்டுக்கடங்காமல் மேலேயும் பக்கவாட்டிலும் சிதறும். பின்னால் விசிறி துருத்திக்கொண்டிருப்பதால் ரப்பர் மூடியும் பல கார்களில் சரியாக உட்காராது. உனக்கு முன்னால் பத்தடி வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்து நல்ல விளக்கு என்று தோன்றும். எதிரே வருகிறவருக்கு அது தண்டனை. இன்றைக்கு இரவில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கண் கூசுகிறது என்று சொல்வதற்கு இந்த மாற்றுப் பல்புகள் பெரிய காரணம் என்பது என் திடமான எண்ணம். ஹெட்லைட்டின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும் இதற்கு மருந்தாகாது; கொஞ்சம் வெளிச்சம் குறையுமே தவிர, தவறான திசையில் போகிற ஒளி தவறான திசையில்தான் போகும்.

வேலையைப் பகலில் செய். சாவியை எடுத்துவிடு, ஹெட்லைட் எரிந்திருந்தால் கால் மணி நேரமாவது ஆறவிடு. பானெட்டைத் தூக்கித் தாங்கு கம்பியை அதன் ஓட்டைக்குள் சரியாக நிறுத்து. ஹெட்லைட்டின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தால் மூன்று வயர் போகும் கப்ளர் தெரியும். ஒரு பக்கம் பேட்டரி நெருக்கும், கை நுழைவது சிரமம்தான். வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டுச் செய். பேட்டரி முனையில் உலோகம் பட்டால் பொறி பறக்கும்.

கப்ளரை உடலோடு பிடித்து நேராகப் பின்னால் இழு. வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பல வருடம் கழற்றாததால் இறுகியிருக்கும். மேலும் கீழுமாக லேசாக அசைத்து அசைத்து இழுத்தால் வந்துவிடும். கழன்றதும் அதன் மூன்று துளைகளையும் பார். பச்சை பூத்திருந்தாலோ பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ அந்தக் கப்ளரையும் மாற்றியாக வேண்டும், அதற்கு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய்விடு. அடுத்து ரப்பர் மூடி. அதன் விளிம்பில் காது போல நீட்டியிருக்கும் பகுதியைப் பிடித்து உரித்தாற்போல எடு. உள்ளே பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப் இருக்கும். அதன் நுனியை உள்ளே அழுத்திப் பக்கவாட்டில் நகர்த்தினால் கொக்கியிலிருந்து விடுபடும். மறுமுனை அங்கேயே கீல் போல நிற்கும், பிடுங்கிவிடாதே. இப்போது பல்பு தானாக வெளியே வரும். அது எப்படி உட்கார்ந்திருந்தது என்று எடுப்பதற்கு முன்பே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்.

புதிய பல்பை அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது உலோக அடியை மட்டும் பிடி. கண்ணாடியில் விரல் படவே கூடாது. அது குவார்ட்ஸ். இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை உள்ளிருக்கும் ஹாலஜன் வாயு பிடித்துக்கொண்டுபோய் மறுபடி இழையிலேயே சேர்க்க வேண்டுமானால், கண்ணாடிச் சுவர் ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தாக வேண்டும். அந்தச் சூட்டில் நம் விரலின் எண்ணெயும் வேர்வை உப்பும் குவார்ட்ஸை அரித்து மங்கவைக்கும். அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். தப்பித் தவறிப் பட்டுவிட்டால், மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைச் சுத்தமான பருத்தித் துணியில் தொட்டுத் துடைத்துக் காயவிட்டுப் போடு.

பல்பின் அடியில் மூன்று காதுகள் உண்டு. ஒன்று மட்டும் அகலம். அது மேலே வர வேண்டும். வேறு எந்தப் பக்கம் திருப்பினாலும் முழுதாக உட்காராது. ஆனால் சாய்வாக வைத்துக்கொண்டே கிளிப்பைப் பலவந்தமாக மாட்டிவிட முடியும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். பல்பும் எரியும், வேலை முடிந்துவிட்டது என்றும் தோன்றும், வெளிச்சம் மட்டும் மரக்கிளையில் போய் அடிக்கும். ஆகவே கிளிப்பை மாட்டும் முன் பல்பின் அடியைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார். எங்கும் இடைவெளி இல்லாமல் வட்டமாகப் பொருந்தியிருக்க வேண்டும். பிறகு கிளிப்பைக் கொக்கியில் மாட்டு. ரப்பர் மூடியில் ‘டாப்’ என்று எழுதியிருந்தால் அது மேல்பக்கம். விளிம்பு முழுவதையும் கட்டைவிரலால் அழுத்தி உட்கார வை; ஓரிடம் தூக்கிக்கொண்டிருந்தாலும் ஐப்பசி மழையில் ஈரம் உள்ளே போய் டூம் மங்கிவிடும். கப்ளரைச் செருகு, சாவி போட்டு டிம்மும் பிரைட்டும் எரிகிறதா பார். இடது பக்கத்துக்கும் இதே வேலைதான்.

இருட்டியதும் ஒரு சோதனை பாக்கி. டயரில் காற்று சரியாக இருக்கட்டும். சமதளத்தில் ஒரு வெற்றுச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு ஹெட்லைட்டின் நடுமையத்துக்கும் நேரே சுவரில் சாக்பீஸால் குறி போடு. ஸ்டியரிங்குக்கு அருகே 0, 1, 2 என்று எண் போட்ட சின்னச் சக்கரம் இருந்தால் அதை 0இல் வை. நேராக 5 மீட்டர் பின்னால் வந்து டிம் போடு. சுவரில் வெளிச்சத்துக்கு ஒரு மேல்விளிம்பு தெரியும், அதற்கு மேலே இருட்டு. வலப்பக்கம் அந்த விளிம்பு கிடைமட்டமாகவும், இடப்பக்கம் மேல்நோக்கி ஏறியும் இருக்க வேண்டும். சாலையோரத்தில் நடப்பவர் நமக்குத் தெரியவும், எதிரே வருபவர் கண்ணில் படாமலும் இருக்கத்தான் அந்த ஏற்றம். கிடைமட்டப் பகுதி உன் சாக்பீஸ் குறிக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் கீழே இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் கோணலாகத் தெரிந்தால் டூமின் பின்னாலுள்ள திருகுகளைத் தொடாதே, முதலில் பல்பைக் கழற்றி மறுபடி உட்கார வை. பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். பின்சீட்டில் ஆட்களும் டிக்கியில் மூட்டையும் ஏறும் நாளில் அந்தச் சின்னச் சக்கரத்தை 1க்கோ 2க்கோ திருப்பிக்கொள்; பின்பக்கம் தாழ்ந்தால் விளக்கு அண்ணாந்துவிடும்.

இடது பக்கத்திலிருந்து கழற்றிய பல்பு இன்னும் எரியக்கூடியது. புதுப் பல்பின் பெட்டியிலேயே அதைப் போட்டு டேஷ்போர்டில் வைத்துக்கொள், வழியில் எங்காவது போனால் உதவும். செத்த பல்பைத் துணியில் சுற்றிக் குப்பையில் போடு. உள்ளே வாயு அழுத்தத்தில் அடைத்திருக்கிறது, உடைத்துப் பார்க்காதே.

சுவர் வெளிச்சத்தை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. விளிம்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று நானும் ஒரு தடவை பார்த்துச் சொல்கிறேன். அக்காவிடம் வண்டியை ஷெட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று சொல்லிவிடு.

அன்புடன்,
சித்தி