ஜாப் கார்டைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு

அதியமான்கோட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. ஓசூரிலிருந்து நீ அனுப்பிய சர்வீஸ் பில்லைப் பார்த்தேன். இலவச சர்வீஸ் என்று விட்ட பைக்குக்கு 2,340 ரூபாய் போட்டுவிட்டார்கள் என்று உனக்குக் கோபம். இனிமேல் ஷோரூம் வாசலையே மிதிக்கமாட்டேன், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறாய். இதில் பாதிக்குத்தான் என் சம்மதம். போனில் சொல்ல ஆரம்பித்தால் 'சரி மாமா, சரி மாமா' என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

முதலில் பில். இலவச சர்வீஸில் இலவசம் என்பது கூலி மட்டும். ஆயிலுக்கும் வாஷருக்கும் காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் உன் பில்லில் அவை இரண்டும் சேர்ந்தே ஐந்நூறைத் தாண்டவில்லை. மீதி எல்லாம் டெஃப்லான் கோட்டிங், இன்ஜின் ஃப்ளஷ், பெட்ரோல் டேங்கில் ஊற்றும் ஒரு டப்பா, கன்ஸ்யூமபிள்ஸ். இதையெல்லாம் யார் கேட்டது? ஜாப் கார்டில் கீழே உன் கையெழுத்து இருக்கிறது. படிக்காமல் போட்டிருக்கிறாய். புது இன்ஜினுக்கு எதற்கு ஃப்ளஷ்? வண்டியோடு கொடுத்த கையேட்டில் அப்படி ஒரு வரி இருந்தால் எனக்குக் காட்டு, நானே அந்தக் காசைத் தந்துவிடுகிறேன்.

நம்ம ஊர்க்காரனுக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனது பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். அங்கே ஆயுதங்கள் நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, மாலை போட்டுக் காவல் வீட்டில் மின்னிக்கொண்டிருந்தன. நம் அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. தொண்டைமானைப் புகழ்வது மாதிரியே அந்த அம்மா குத்திக்காட்டிவிட்டு வந்ததாகப் புறநானூற்றில் இருக்கிறது. டெஃப்லான் கோட்டிங்கைத் தொண்டைமானுக்கு விட்டுவிடு.

அதற்காக ஷோரூமுக்குப் போவதை இப்போது நிறுத்தாதே. வாரண்டி முடியும்வரை, குறித்த தேதிக்குள் அல்லது குறித்த கிலோமீட்டருக்குள், எது முந்துகிறதோ அதில் கொண்டுபோய் விடு. நீ வாரக்கடைசியில் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக வீட்டுக்கு வந்து போகிற ஆள். உனக்குத் தேதியை முந்திக்கொண்டு கிலோமீட்டர் வந்துவிடும். ஒரு சர்வீஸைத் தவறவிட்டாலும், நாளைக்கு இன்ஜினில் ஏதாவது பழுதானால் அதைக் காரணம் காட்டிக் கையை விரிக்க அவர்களுக்கு வசதி. இது சரியா என்று கேட்டால், சரியில்லை என்பதுதான் என் கட்சி. கார் கம்பெனிகள் உதிரிபாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் இருந்ததற்கும், வெளியே கை வைத்தால் வாரண்டி போச்சு என்று சொன்னதற்கும், 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அது அப்புறம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பர் 24ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஒரு இணையதளமும் திறந்தது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. காற்று நம் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஆனால் உன் ஒற்றை வண்டியை வைத்துக்கொண்டு கம்பெனியோடு மல்லுக்கட்ட முடியாது. வாரண்டி இருக்கும்வரை அவர்கள் சீல் உன் புத்தகத்தில் விழட்டும்.

நடுவில் வரும் நாட்கள் யாருடையவை? இரண்டு சர்வீஸுக்கு இடையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறாய். அப்போது வண்டியைப் பார்க்க உன்னைத் தவிர ஆள் கிடையாது. பஸ் டெப்போவில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு விஷயம் பார்த்திருக்கிறேன். எந்த பஸ்ஸில் என்ன கோளாறு என்று எங்களுக்கு முதலில் தெரிந்தது டிரைவர் எழுதிவைத்த குறிப்பில்தான். நல்ல டிரைவர் 'மூன்றாவது கியரில் ஏற்றத்தில் மட்டும் சத்தம்' என்று எழுதுவார். அந்த பஸ் சீக்கிரம் தயாராகிவிடும். 'வண்டி சரியில்லை' என்று எழுதுபவரின் பஸ் இரவெல்லாம் குழியின் மேலேயே நிற்கும். ஷோரூமில் நீ என்ன எழுதச் சொன்னாய்? 'ஜெனரல் செக்கப்'.

அதனால் செயினில் ஆரம்பி. உன் வண்டியில் நீ கற்க வேண்டிய முக்கால்வாசி அதில் இருக்கிறது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசலில் நனைத்த பழைய பிரஷ்ஷால் செயினைத் தேய்த்துத் துடை. காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கமாக விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடு. மிச்சத்தை விட்டால் மண் ஒட்டி அரைக்கும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, கியர் போட்டு, ஓடுகிற செயினில் துணியைப் பிடிக்கிறவர்களை நம் தெருவிலேயே பார்த்திருப்பாய். ஸ்ப்ராக்கெட்டில் துணி மாட்டினால் விரலும் கூடப் போகும். இந்த ஒரு விஷயத்தில் மாமாவிடம் எதிர்வாதம் பண்ணாதே. அப்புறம் தொய்வு: செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார், கையேட்டில் சொன்ன அளவுக்குள், பெரும்பாலும் இரண்டரை மூன்று சென்டிமீட்டருக்குள், ஆட வேண்டும். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பார். ஓரிடத்தில் இறுக்கமாகவும் இன்னோரிடத்தில் தளர்வாகவும் இருந்தால் செயின் ஒரே சீராகத் தேயவில்லை, மாற்றும் நேரம் நெருங்குகிறது. இறுக்கும்போது இரண்டு பக்கமும் உள்ள கோடுகள் ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பின்சக்கரம் கோணிக்கொண்டு ஓடும். முடித்ததும் பின் ப்ரேக் மிதியைச் சரிபார்க்க மறக்காதே, சக்கரம் நகர்ந்தால் அதுவும் மாறியிருக்கும்.

ப்ரேக்கில் கவனம். டிரம் ப்ரேக் தட்டில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். ப்ரேக்கை அழுத்தும்போது அது எதிரே உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது, மாற்றிவிடு. பின் நட்டைத் திருகித் தொய்வு எடுப்பதோடு உன் வேலை முடிகிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான வண்டிகளில் ஏபிஎஸ் இல்லையென்றால், முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் கட்டாயமானது. அந்த இணைப்பை நீ கழற்றக் கூடாது. சேலம் போகிறபோது பாளையம் டோல்கேட் தாண்டி இறங்குகிறாயே, தொப்பூர் கணவாய், அங்கே கியரைக் குறைத்து இன்ஜின் பிடியில் இறங்கு. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிற லாரிகள் என்ன ஆயின என்பது தர்மபுரி மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

டயரில் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார். எவ்வளவு என்பது செயின் கவர் பக்கத்து ஸ்டிக்கரில் அல்லது கையேட்டில் இருக்கும், பங்க்கில் காற்றடிக்கிற பையனிடம் கேட்காதே. பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயர் ஓடக் கூடாது.

ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸரில் ஊதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல். உன் வண்டியில் இருப்பது எண்ணெய்ப் பசையுள்ள காகித ஃபில்டர். ஊதினால் கெட்டுவிடும், காலம் வந்ததும் மாற்றுவதுதான் முறை.

ஆயில் மாற்றுவது வாரண்டிக்குப் பிறகு. இப்போது அளவுக் குச்சியை மட்டும் பார்த்துக்கொள். பிறகு மாற்றும்போது கையேட்டில் சொன்ன கிரேடையே வாங்கு, டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்று இருக்கிறதா பார். நம் வண்டிகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் மூழ்கி ஓடுகிறது. கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டிரெய்ன் போல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்காதே. கேஸ் அலுமினியம், மரை போய்விட்டால் நீ மிச்சம் பிடித்த கூலியைப் போல் பல மடங்கு செலவு.

எங்கள் காலத்து வண்டிகளை நினைத்துக்கொண்டு துணிந்துவிடாதே. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தபோது பிளக்கைக் கழற்றித் தேய்ப்பது, சைலன்சர் கரியைத் தட்டுவது, கார்புரேட்டர் ஜெட்டை ஊதுவது எல்லாம் வீட்டு வேலை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு பெரும்பாலும் கார்புரேட்டர் போய் சென்சாரும் இன்ஜெக்டரும் வந்துவிட்டன. மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். டாப்பெட், ஃபோர்க், டிஸ்க் ப்ரேக் ஆயில், கிளட்ச் பிளேட், இவையும் தெரிந்த கைக்கே. வாரண்டி முடிந்தபின் அந்தக் கை ஷோரூமில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பைபாஸ் ரோட்டில் நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். நீ பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு முகம் சுளிக்காதவராகத் தேர்ந்தெடு.

கிளட்ச் என்றதும் இன்னொன்று. தேய்பிறை அஷ்டமியன்று நம்ம காலபைரவர் கோயில் பக்கம் வந்தால் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வா. பூசணி விளக்கோடு நிற்கிற கூட்டத்தில் அரை கிளட்ச்சிலேயே ஊர்ந்து வந்தால் பிளேட்டுக்குத்தான் கேடு.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கிலோமீட்டர், தேதி, என்ன செய்தாய், என்ன சத்தம் கேட்டது என்று எழுது. பில்களை அதிலேயே ஒட்டு. அடுத்த சர்வீஸுக்கு அதை எடுத்துக்கொண்டு போ. ஜாப் கார்டில் ஒவ்வொரு வரியாகப் படி, வேண்டாததை அடிக்கச் சொல், அப்புறம் கையெழுத்துப் போடு. வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போது செயின் துடைக்கப் பழைய பிரஷ் ஒன்று எடுத்துக்கொண்டு, கியர் ஆயிலும் வாங்கி வா. துடைத்த அழுக்கு டீசலைக் கிணற்றடியில் கொட்டக் கூடாது. ஒரு கேன் வைத்திருக்கிறேன், நிறைந்ததும் மெக்கானிக் கடையில் பழைய ஆயிலோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உன் மாமா