காந்தமும் விரலும்: பீட்டர் கிரீனின் கிதார் நாதம்

இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன்

முன்னுரை

குரலைக் கேட்டே ஆளை அறிந்துகொள்கிறோம். அடுத்த அறையில் தாய் இருமினால்கூட அது தாய்தான் என்று தெரிகிறது. கருவி இசையிலும் இத்தகைய அடையாளம் உண்டா? மரமும் கம்பியும் காந்தமும் சேர்ந்த ஒரு மின்கிதாரில், வாசிப்பவர் இன்னார் என்று இரண்டு மூன்று சுரங்களிலேயே தெரிந்துவிடுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதை எழுத எனக்குத் தனிப்பட்ட காரணமும் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு எங்கள் துறைக் கருத்தரங்கில் பீட்டர் கிரீன் என்னும் ஆங்கிலேயக் கிதார் கலைஞரைப் பற்றிப் பேசினேன். அவருடைய நாதத்தின் இரகசியம், அவர் கிதாரில் முனை மாறியிருந்த ஒரு காந்தமே என்று அடித்துச் சொன்னேன். கைதட்டலும் கிடைத்தது. கடைசி வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர் மட்டும் எழுந்து, "ஏன் தம்பி, அந்தக் கிதாரை வேறொருவர் வாங்கி வாசித்தால் அதே நாதம் வந்துவிடுமா?" என்று கேட்டார். "வந்துவிடும் ஐயா" என்றேன். "கேட்டுப் பார்த்தாயா?" என்றார். நான் கேட்டிருக்கவில்லை. அன்று சொல்லத் தெரியாத விடையை இன்று எழுதுகிறேன்.

யார் இந்தப் பீட்டர் கிரீன்?

புளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. 1960களில் இங்கிலாந்து இளைஞர்கள் பலர் அதனை இசைத்தட்டுகள் வழியே கேட்டுக் கற்று, மின்கிதாரில் உரத்து வாசிக்கத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரே பீட்டர் கிரீன். 1946 அக்டோபர் 29 அன்று இலண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் பிறந்தவர். 1966இல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவிலிருந்து புகழ்பெற்ற எரிக் கிளாப்டன் விலகியபோது, அந்த இடத்தில் வந்து அமர்ந்தார். 1967இல் வெளியான 'எ ஹார்ட் ரோட்' இசைத்தட்டில் இவர் இயற்றிய 'தி சூப்பர்நேச்சுரல்' என்னும் கருவியிசை இடம்பெற்றது. அதே ஆண்டில் பிளீட்வுட் மேக் என்ற குழுவைத் தொடங்கினார். அக்குழுவின் 'அல்பட்ராஸ்' என்னும் கருவியிசை 1969 ஜனவரியில் பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பெற்றது. 1970 மே மாதம் குழுவை விட்டு விலகினார். பின்னர் மனநோயால் பல்லாண்டுகள் துன்புற்றார். இடையிடையே மீண்டும் வாசித்தார். 2020 ஜூலை 25 அன்று தம் 73ஆம் வயதில் மறைந்தார்.

காந்தம் செய்யும் வேலை

முதலில் என் பழைய வாதத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் பாதி உண்மை இருக்கிறது.

மின்கிதாரில் எஃகுத் தந்திகளின் கீழே, காந்தத்தோடு சேர்ந்த கம்பிச் சுருள்கள் உள்ளன. இவற்றைப் பிக்கப் என்பர். தந்தி அசையும்போது சுருளினூடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மின்துடிப்பு பிறக்கிறது. பாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டலே இது. கிரீன் வாசித்த 1959ஆம் ஆண்டு கிப்சன் லெஸ் பால் கிதாரில், கழுத்துப் பக்கம் ஒன்றும் பாலத்தின் பக்கம் ஒன்றுமாக இரண்டு பிக்கப்கள் உண்டு. இவற்றுள் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் காந்தத்தின் முனைகள் மாறியிருந்தன.

வடக்கு தெற்கானால் என்ன ஆகும்? அந்தப் பிக்கப்பின் மின்துடிப்பு தலைகீழாகும். அதனைத் தனியே ஒலிக்கவிட்டால் காதுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் மாற்றுச் சாவியை நடுவில் வைத்து இரண்டையும் ஒன்றாக ஒலிக்கவிட்டால், ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. இரண்டிலும் பொதுவாக உள்ள தாழ்ந்த அதிர்வெண்கள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்கின்றன. மேற்சுரங்களில் தந்தி ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் அசைவதால் அவை பிழைத்துக்கொள்கின்றன. விளைவு, சதைப்பற்று இல்லாத, சற்றே மூக்கால் பாடுவது போன்ற மெலிந்த நாதம். ஒரு பிக்கப்பின் ஒலியளவைச் சிறிது குறைத்தால் அழிவு முழுமையாவதில்லை. சதை கொஞ்சம் திரும்புகிறது.

இங்கே ஒரு பிழையையும் திருத்த வேண்டும். கிரீன் அந்தப் பிக்கப்பைக் கழற்றித் திருப்பி மாட்டியதாலேயே இந்த நாதம் வந்தது என்று பலர் கருதினர். நானும் கருத்தரங்கில் அப்படியே சொன்னேன். பிக்கப்பை இருந்த இடத்திலேயே முன்பின்னாகத் திருப்பினால் சுருள்கள் இரண்டும் இடம் மாறுமே தவிர, துடிப்பு தலைகீழாகாது. காந்தத்தின் முனை மாறியதே காரணம்.

விரல் செய்யும் வேலை

இனி வைப்ரேட்டோ என்னும் சுர அசைவுக்கு வருவோம். நம் ஆய்வகத்தில் சுரமானியில் சோதனை செய்யாத இயற்பியல் மாணவர் இருக்க முடியாது. தந்தியின் நீளம் மாறாதிருக்க, அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று அங்கே கண்டோம். எடையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் இரு மடங்காகிறது.

கிதார் கலைஞனுக்கு எடைத் தட்டு இல்லை, விரலே எடை. மெட்டின் மேல் அழுத்திய தந்தியைக் குறுக்கே தள்ளினால் அது நீண்டு இழுவிசை கூடுகிறது, சுரம் உயர்கிறது. அரைச்சுரம் உயர்த்த அதிர்வெண் ஏறத்தாழ 6 விழுக்காடும், அதற்காக இழுவிசை ஏறத்தாழ 12 விழுக்காடும் கூட வேண்டும். முழுச்சுரம் உயர்த்த இழுவிசை கால் பங்குக்கு மேல் கூட வேண்டும். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பதும் இதே விதிப்படிதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தந்தியை மேலே தள்ளினாலும் கீழே இழுத்தாலும் இழுவிசை கூடவே செய்யும். ஆகவே மெட்டில் அழுத்திய சுரத்தை அசைத்தால் அது தன் இடத்திலிருந்து மேலேதான் போய் வரும்; கீழே போகாது. ஆனால் முன்னரே இழுத்து உயர்த்திய சுரத்தை அசைக்கும்போது, சற்றே தளர்த்தி மீண்டும் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே உயரத்திற்குத் திரும்பாவிட்டால் சுருதி கெட்டுவிடும்.

இந்த அசைவில் கிரீனுக்கு முன்னோடி, மிசிசிப்பியில் பிறந்த பி.பி. கிங். தம் உறவினர் புக்கா வைட் உலோகத்தைத் தந்தியின் மேல் வழுக்கி எழுப்பிய நாதத்தின் மீது கிங்குக்குப் பெரும் ஆசை. அந்த முறை தமக்குக் கைவராததால், வெறும் விரலை நடுங்கச் செய்து அதனை எட்ட முயன்றதாக அவரே கூறியிருக்கிறார். கட்டைவிரலைக் கழுத்திலிருந்து விடுவித்து, சுட்டுவிரலை அச்சாகக் கொண்டு கையைப் பட்டாம்பூச்சியின் சிறகைப் போல் படபடக்கச் செய்வார். கைவராமற்போன ஒன்றிலிருந்து அவருக்கென்றே ஒரு குரல் பிறந்தது.

ஒரே கிதார், இரு கைகள்

பேராசிரியர் கேட்ட வினாவுக்கு உரிய சோதனை உலகில் முன்னரே நடந்துவிட்டது. கிரீன் தம் கிதாரை 1970களின் தொடக்கத்தில் அயர்லாந்துக் கலைஞர் கேரி மூருக்கு விற்றார். 1995இல் மூர், தமக்கு வழிகாட்டியான கிரீனுக்குக் காணிக்கையாக 'புளூஸ் ஃபார் கிரீனி' என்ற இசைத்தொகுப்பை அதே கிதாரைக் கொண்டு வெளியிட்டார். அதில் 'தி சூப்பர்நேச்சுரல்' இருக்கிறது. கிரீன் 1968இல் வாசித்த 'நீட் யுவர் லவ் சோ பேட்' பாடலும் இருக்கிறது.

காதணிபேசியை மாட்டிக்கொண்டு, இரண்டையும் மாறி மாறி ஒரு வாரம் கேட்டேன். என் செவிக்குப் பட்டதைச் சொல்கிறேன். கிரீன் ஒரு சுரத்தைத் தொட்டதும் அசைப்பதில்லை. முதலில் அதனை நேராக நிற்க விடுகிறார், நின்று நிலைத்த பிறகே மெல்ல அசைக்கிறார், அசைவு குறுகியது. சொல்லி முடித்ததும் அடுத்த வாக்கியத்திற்கு முன் மௌனம் காக்கிறார். மூரின் அசைவோ அகன்றது, வலியது. சுரம் பிறந்த கணத்திலேயே துடிக்கிறது. இரண்டும் அழகே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

இடையில் ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழிந்தன. ஒலிபெருக்கியும் ஒலிப்பதிவும் வேறு என்று நீங்கள் மறுக்கலாம். நாதத்தின் நிறத்தைப் பொறுத்தவரை அம்மறுப்பு சரியே. ஆனால் சுரத்தின் ஏற்ற இறக்கத்தை அது தொடாது. காந்தம் எந்த மேற்சுரம் ஓங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கலாம். இத்தந்தியின் சுரத்தை ஏற்றி இறக்குவது இழுவிசை. இழுவிசையை மாற்றுவது விரல். எனவே அசைவின் வேறுபாடு கையின் வேறுபாடே. 2014இல் அக்கிதார் மெட்டாலிகா குழுவின் கர்க் ஹாமெட்டிடம் சென்றது. அவர் கையில் அது ஹாமெட்டைப் போலவே ஒலிக்கிறது.

நான் பட்ட பாடு

விடுதி நண்பனின் மலிவான மின்கிதாரை வாங்கி நானும் முயன்றேன். முதல் நாள் என் விரல் அசையவில்லை, நடுங்கியது. அசைவுக்கும் நடுக்கத்திற்கும் உள்ள வேறுபாடு அன்றுதான் புரிந்தது. நடுக்கத்திற்கு ஒழுங்கான கால அளவு இல்லை. சுரம் தன் இடத்திற்குத் திரும்புவதும் இல்லை. பிறகு கடிகாரத்தின் நொடியோசையை வைத்துக்கொண்டு, நொடிக்கு ஒரு முறை, இரு முறை, மூன்று முறை என்று விரல் நுனி கொப்பளிக்கும்வரை பழகினேன். மூன்று மாதத்திற்குப் பின் ஒரே ஒரு சுரம் ஓரளவு நேராக நின்று ஒழுங்காக அசைந்தது. அது கிரீனைப் போல் ஒலிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் படித்துக்கொண்டிருந்த நண்பன் மட்டும் தலையை நிமிர்த்தி, "இதுதான்டா உன் சத்தம்" என்றான்.

முடிவுரை

கருவியின் விந்தையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. அந்தக் காந்தம் முனை மாறாதிருந்தால் சில நாதங்கள் நமக்குக் கிடைத்திரா. ஆனால் காந்தம் தந்தது நிறம். விரல் தந்ததே பேச்சு. கருவியை விலைக்கு வாங்கலாம். எப்போது அசைக்க வேண்டும், எவ்வளவு அசைக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்னும் அறிவை விலைக்கு வாங்க இயலாது. கேட்டுப் பாராமல் மேடையேறி அடித்துச் சொன்ன பிழை என்னுடையது. கேட்டுப் பார்க்கத் தூண்டிய பேராசிரியருக்கு என் நன்றி. ஐயா, தங்கள் வினாவுக்கு என் விடை இதுவே: வராது.