டாக்டராக விரும்பும் பிள்ளைக்கு எந்தப் பாடசாலை?



"எங்க புள்ள டாக்டராகணும்" என்ற ஆசை இல்லாத லயம் கிடையாது. ஆனால் அதற்கான முடிவை எப்போது எடுக்க வேண்டும் என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. "உயர்தர ரிசல்ட் வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருந்துவிடுகிறோம். உண்மையில் அந்த முடிவு பதினாறு வயதில், சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தர வகுப்புக்கு இடம் தேடும் சில வாரங்களிலேயே எடுபட்டுவிடுகிறது. இந்த இதழில் அதையே பாடமாகப் படிப்போம்.

அமெரிக்காவில் மருத்துவம் படிக்க விரும்புபவர் பெரும்பாலும் நான்கு வருடம் ஒரு கல்லூரியில் படித்துப் பட்டம் எடுத்த பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார். நம் நாட்டில் அப்படியில்லை. உயர்தரம் முடித்ததும் நேரே மருத்துவ பீடம்தான். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், களனி, ருகுணு, கிழக்கு என்று பல பல்கலைக்கழகங்களில் மருத்துவ பீடம் இருக்கிறது. படிப்பு ஐந்து வருடம். அதன் பிறகு ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை.

எந்தப் பீடம் வேண்டும் என்று விண்ணப்பத்தில் வரிசையாக எழுதலாம். ஆனால் இடம் கிடைப்பது புள்ளியைப் பொறுத்தது. ஆகவே நம் கையில் உள்ள பெரிய தெரிவு, உயர்தரம் படிக்கும் பாடசாலைதான். அதைத் தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவற்றைக் கீழே தருகிறோம்.

1. பாடசாலை எந்த வகை?

1ஏபி என்ற வகைப் பாடசாலையில்தான் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி பாடசாலையில் உயர்தரம் இருந்தாலும் விஞ்ஞானம் இல்லை. கலை, வர்த்தகம் போன்ற பிரிவுகளே உண்டு. இரண்டாம் வகை 11ஆம் தரத்தோடு நின்றுவிடும். தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது 1சி பாடசாலை என்றால், "கிட்டத்தானே இருக்கு" என்று அங்கே சேர்த்த அன்றைக்கே டாக்டர் கனவு முடிந்துபோகிறது. விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகள் இப்படிக் கலைப் பிரிவுக்குப் போவதை நாம் பார்க்கத்தான் செய்கிறோம். கலைப் பிரிவு குறைந்ததல்ல. ஆனால் பிள்ளை விரும்பிப் போக வேண்டும், பஸ் இல்லாததால் போகக் கூடாது.

2. மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் உண்டா?

மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானமும் எடுக்கலாம். அது விவசாய பீடம் போன்றவற்றுக்குப் போதும்; மருத்துவ பீடத்துக்குப் போதாது. "பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை, விவசாயம் எடு" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். சேர்க்கும் முன்பே அதிபரிடம் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள்: மூன்று பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா? ஆய்வுகூடம் நடக்கிறதா? கடந்த மூன்று வருடத்தில் எத்தனை பேர் மூன்று பாடத்திலும் சித்தியடைந்தார்கள்? இதைக் கேட்பது நமது உரிமை.

3. இசட் புள்ளி என்றால் என்ன?

பல்கலைக்கழகத்துக்கு எடுப்பது வெறும் மார்க்கை வைத்து அல்ல. அந்தப் பாடம் எழுதிய எல்லோருடைய சராசரியையும் விட நம் பிள்ளை எவ்வளவு மேலே நிற்கிறது என்று கணக்குப் பார்க்கிறார்கள். உதாரணமாக, ஒரு பாடத்தின் சராசரி 50, நியம விலகல் 10 என்று வைப்போம். 65 எடுத்த பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் 1.5 கிடைக்கும். இப்படி மூன்று பாடத்தையும் கூட்டி மூன்றால் வகுக்கிறார்கள். இரண்டு பாடத்தில் 1.5, பௌதிகவியலில் சரியாகச் சராசரி, அதாவது 0 என்றால் மொத்தம் 3, வகுத்தால் 1.0 தான். ஒரு பாடம் அரைப் புள்ளியைத் தின்றுவிட்டது. இசட் புள்ளியை நான்கு தசமம் வரை பார்க்கிறார்கள். ஆகவே ஒரு பாடம் பலவீனமான பாடசாலை, மற்ற இரண்டு பாட உழைப்பையும் கெடுத்துவிடும்.

4. மாவட்டத்தை மறக்காதீர்கள்

இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, மொனராகலை எல்லாம் அந்தப் பதினாறில் அடங்கும். மாவட்டம் என்பது நாம் பிறந்த இடம் அல்ல. பரீட்சைக்கு முந்திய வருடங்களில் படித்த பாடசாலை இருக்கும் இடம். "கொழும்பில மாமா வீடு இருக்கு, அங்க படிக்கட்டும்" என்று அனுப்பினால், மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி கூடிய கொழும்பு மாவட்டத்தோடு பிள்ளை போட்டி போட வேண்டிவரும். சொந்த மாவட்டத்திலேயே நல்ல 1ஏபி பாடசாலை கிடைத்தால் அதுவே மேல்.

5. தூரமும் செலவும்

பஸ் காசு, தங்குமிடம், டியூஷன் என்று இரண்டு வருடத்துக்குச் செலவு உண்டு. 11ஆம் தரத்திலேயே சிறு சீட்டுப் பிடித்துத் தொடங்குங்கள். "பொம்பளப் புள்ளய தூர அனுப்புறதா?" என்று சில அப்பாமார் யோசிக்கிறார்கள். இடத்தை நேரில் போய்ப் பாருங்கள், பொறுப்பானவர்களிடம் பேசுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பல்கலைக்கழகம் போன பிறகு மகாபொல போன்ற உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

6. இடம் கிடைக்காவிட்டால்?

மூன்று தடவை பரீட்சை எழுதலாம். மருத்துவம் தவறினாலும் இதே பாடங்களோடு பல் வைத்தியம், மிருக வைத்தியம், சித்த மருத்துவம், தாதியியல், மருந்தாக்கவியல் என்று பல கதவு திறந்திருக்கும். அந்தப் படிப்பு வீண் போகாது. ஆனால் "வெளிநாட்டில டாக்டர் படிப்பு எடுத்துத் தாறோம்" என்று வரும் தரகர்களை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவச் சபை ஏற்றிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அங்கே படித்து வந்தாலும் இங்கே சபையின் பரீட்சையில் சித்தியடைய வேண்டும்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

9ஆம், 10ஆம் தரத்தில் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். மாவட்டத்தில் உள்ள 1ஏபி பாடசாலைகளின் பெயரை வலயக் கல்விக் காரியாலயத்தில் கேட்டு எழுதி வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படும் அயல் வீட்டாருக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். அவங்க புள்ளையும் நம்ம புள்ளதான்.