குட்டிக் காருக்கு எந்த வெளிச்சம்?

தேய்த்துச் சமன்செய்து, பிரைமர் அடித்து, நிறம் ஏற்றி, கிளியர் கோட் பூசி, பாலிஷ் போட்டு முடித்த மாடல் கார், மேசையில் அசல் வண்டியாகவும் படத்தில் பிளாஸ்டிக் பொம்மையாகவும் தெரிந்தால் பழி கேமராவின் மேல்தான் விழுகிறது. புது லென்ஸ், புது கைபேசி என்று யோசனை ஓடுகிறது. ஆனால் பளபளக்கும் பெயின்ட் என்பது வளைந்த கண்ணாடி. எதிரே உள்ள சுவர், ஜன்னல், பல்பு, படம் எடுப்பவரின் சட்டை எல்லாம் அதன் நிறத்தோடு கலந்தே பதிவாகின்றன. ஆகவே வீட்டுக்குள் ஜன்னல் வெளிச்சமா, டேபிள் லாம்ப்பா, லைட் பாக்ஸா, ஃபிளாஷா என்று தேர்ந்தெடுக்கும்போது எது பிரகாசமானது என்று பார்ப்பதில் பயன் குறைவு. கார் அசையாமல் நிற்கும் பொருள். ட்ரைபாடில் கேமராவை வைத்து ஒரு விநாடி ஷட்டர் திறந்திருந்தாலும் நஷ்டமில்லை. அந்த பானெட்டில் எந்த உருவம் பிரதிபலிக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தால் மற்றவை தாமாக அமையும்.

அசல் கார்களை ஸ்டூடியோவில் படம் எடுப்பவர்கள் இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். காரை விடப் பெரிய வெள்ளைப் பரப்பு ஒன்றைத் தலைக்கு மேல் தொங்கவிட்டு ஒளியூட்டுவார்கள். கூரையிலும் தோள்கோட்டிலும் நீண்டு வழியும் அந்த வெள்ளைப் பட்டைதான் உடலின் வளைவை நமக்குக் காட்டுகிறது. இதை அளவுக்கேற்பச் சுருக்கிப் பாருங்கள். ஒரு ஏ3 ட்ரேசிங் பேப்பர், அசலில் 24-ல் ஒரு பங்கு அளவுள்ள (1/24) காரின் உலகத்தில் ஏறத்தாழ 10 மீட்டருக்கு 7 மீட்டர் அகலமுள்ள ஒளிப்பரப்பு. 6 சென்டிமீட்டர் பல்பை வெறுமனே காட்டினால் அது காரின் பக்கத்தில் நிற்கும் ஒன்றரை மீட்டர் ஒளியுருண்டை. 5 மில்லிமீட்டர் கைபேசி ஃபிளாஷோ 12 சென்டிமீட்டர் டார்ச். அதுவும் லென்ஸுக்கு ஒட்டியே இருப்பதால் பானெட்டில் ஒரு வெள்ளைப் புள்ளியும், சுற்றிலும் இருட்டும்தான் மிஞ்சும். வெயிலில் நிற்கும் அசல் காரிலும் சூரியன் ஒரு புள்ளியாகத்தானே மின்னுகிறது என்று கேட்கலாம். மின்னுகிறது, ஆனால் கூடவே முழு வானமும் அந்தப் பெயின்ட்டில் விரிந்து கிடக்கிறது. வீட்டுக்குள் ஃபிளாஷ் அடித்தால் சூரியன் கிடைக்கும், வானம் கிடைக்காது.

அதனால் செலவில்லாத முதல் தேர்வு ஜன்னல். பரப்பு பெரியது, நிறமும் நம்பகமானது. ஆனால் நம் வீட்டு ஜன்னல்களில் கிரில் உண்டு, அதன் கம்பிகள் கதவில் வரிவரியாகத் தெரியும். மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றையாக விரித்துக் கட்டினால் கம்பிகள் மறைந்து ஜன்னல் முழுதும் ஒரே ஒளித்தாளாகும். வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது என்ற ஐரோப்பிய அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்: சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே வடக்கில்தான் இருக்கிறது. ஜன்னலின் உண்மையான குறை வேறு. ஒளி பக்கவாட்டில் மட்டும் வருவதால் கூரையும் பானெட்டும் மங்கும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் பலகை வைத்தாலும் அது பாதிதான் சரியாகும். மேகம் நகர்ந்தால் ஒளியின் அளவு மாறும். இரவில் மட்டுமே நேரம் கிடைப்பவருக்கு இது உதவாது.

அப்போது பலரும் வாங்குவது லைட் பாக்ஸ். பொருட்களைப் படம் எடுக்கவென்றே செய்தது, அதைவிட வேறென்ன வேண்டும் என்ற வாதம் நியாயமானதாகத் தோன்றும். செருப்புக்கும் பைக்கும் அது சரி. பளபளப்பான காருக்கு நாலாபுறமும் வெள்ளை என்றால் உடலெங்கும் ஒரே வெள்ளை பிரதிபலித்து, கதவின் மடிப்பும் சக்கர வளைவும் கரைந்துபோகும். மறைப்பில்லாத எல்இடி வரிசை என்றால் கூரையில் புள்ளிகள் அணிவகுக்கும். அதே பணத்தில் நல்ல டேபிள் லாம்ப் ஒன்றும், ட்ரேசிங் பேப்பரும், கறுப்பு சார்ட் பேப்பரும் வாங்குவதே மேல். தாளைக் காருக்கு மேலே சற்றுப் பின்தள்ளிச் சட்டத்தில் கட்டி, அதற்கு மேல் லாம்ப்பை வையுங்கள். லாம்ப் தாளை நெருங்கினால் நடுவில் பிரகாசமும் ஓரங்களில் மங்கலும் வரும்; அந்தப் படிப்படியான மாற்றம்தான் உலோகத் தகட்டின் உணர்வைத் தருகிறது. இரு பக்கமும் கறுப்புத் தாளை நிறுத்தினால் விளிம்புகள் கூர்மையாகும். பரந்த ஒளியில் மெட்டாலிக் பெயின்ட்டின் மினுக்கு அடங்கிவிடும் என்ற ஆட்சேபம் சரியானதே. அதற்கு விடை, தொலைவிலிருந்து ஒரு சிறு எல்இடி டார்ச்சைக் கூடுதலாகக் காட்டுவது; பரந்த ஒளியை விட்டுவிடுவது அல்ல.

பல்பு வாங்கும்போது வாட்டை விட நிறத்தைப் பாருங்கள். பல்பு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்குப் பெட்டியில் போடும் சிஆர்ஐ எண் எட்டு மென்னிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அதில் சேராது. அது ஆர்9 என்ற தனி அளவு. சிஆர்ஐ 80 என்று விற்கும் பல்பில் ஆர்9 மிகக் குறைவாக இருக்கக்கூடும். இத்தாலியச் சிவப்பில் உழைத்து உருவாக்கிய ஃபெராரி அதன் கீழ் செங்கல் நிறமாகத் தெரியும். சிஆர்ஐ 95க்கு மேல், ஆர்9 அளவையும் குறிப்பிட்டு விற்கும் பல்புக்குச் சற்று அதிகம் கொடுப்பது வீண்செலவாகாது. அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரு நிற ஒளி கலந்தால் எந்த ஒயிட் பேலன்ஸும் காப்பாற்றாது. படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல்பு விநாடிக்கு 100 முறை துடிப்பதே காரணம். ஷட்டரை 1/50 அல்லது அதைவிட மெதுவாக வைத்தால் தீரும்.

கைபேசியா, கேமராவா என்பது இதற்குப் பிந்திய கேள்வி. எல்ஜின் பார்க் என்ற கற்பனை ஊரை 1/24 கார்களால் உருவாக்கிய அமெரிக்கர் மைக்கேல் பால் ஸ்மித் பயன்படுத்தியது விலை குறைந்த சிறிய டிஜிட்டல் கேமராதான். அவருக்கு வெளிவானம் ஒளி தந்தது. தூரத்தையும் உயரத்தையும் கவனித்தால் கைபேசியே பெரும்பாலும் போதும். 10 சென்டிமீட்டரில் நெருங்கினால் அசல் காரை இரண்டரை மீட்டரில் நின்று பார்ப்பதற்குச் சமம், முகப்பு பருத்துவிடும். 30 சென்டிமீட்டருக்கு அப்பால் விலகி, 2 மடங்கு ஜூமில் எடுங்கள். நிற்பவரின் கண்ணுயரம் இந்த அளவில் 7 சென்டிமீட்டருக்கும் குறைவு. லென்ஸ் அங்கே இறங்க வேண்டும். பெரிய சென்சார் கேமராவில் எஃப்/16 வைத்தாலும் சில சென்டிமீட்டர் ஆழமே தெளிவாக இருக்கும் என்பதால், முன்விளக்கு முதல் பின்பம்பர் வரை ஃபோகஸை நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் இணைக்க வேண்டிவரும். அந்தப் பொறுமை உள்ளவருக்கே கேமரா பலன் தரும்.

புழுதி படிந்த ராலி கார், துருவேறிய லாரி போன்ற மேட் பூச்சு வேலைகளுக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. அவை எதையும் கண்ணாடிபோல் பிரதிபலிப்பதில்லை. லைட் பாக்ஸ் அங்கே தாராளமாகப் போதும்; துருவின் சொரசொரப்பு தெரிய வேண்டுமானால் பக்கவாட்டில் தாழ்வாக ஒரு வெறும் பல்பை வைத்தால் ஆயிற்று.